வெள்ளை வேட்டியில் உழுகிறவன்

"செத்துப் போன பிறகும் உழ வேண்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

லக்சர் நகரின் எதிர்க்கரையில், தெய்ர் எல் மெதினா என்னும் பாழடைந்த தொழிலாளர் குடியிருப்புக்கு மேலே, ஒரு குட்டைச்சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் அப்போதுதான் சென்னெஜெம் என்பவரின் கல்லறையிலிருந்து குனிந்தும் தவழ்ந்தும் வெளியேறி, முழங்காலில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. எகிப்தில் பார்த்த பிரம்மாண்டங்களில் பாதி நினைவில் கலங்கிப்போய்விட்டது. எந்தத் தூண் எந்தக் கோவிலுடையது என்று இப்போது கேட்டால் விழிப்பேன். அம்மாவின் இந்தக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான், எந்தப் புத்தகத்திலும் இருக்கும் பதில். ஆனால் அதைச் சொல்லி முடித்த கணத்திலேயே எனக்கு அது போதவில்லை.

அம்மாவுக்கு 69 வயது. முழங்கால் வலிக்காரி. எகிப்துக்கு வருகிறாயா என்று நான் மரியாதைக்குத்தான் கேட்டேன், வருகிறேன் என்றுவிட்டாள். காவிரியின் கடைமடையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நாற்றுக்கட்டுக்கும் களத்துமேட்டுக்கும் நடுவில் வளர்ந்தவள். லக்சரில் படகேறி ஆற்றைக் கடந்து, மேற்குக் கரையில் காரில் உட்கார்ந்ததிலிருந்து அவள் முகம் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் கரும்பு. பசுந்தீவனக் கட்டின்மேல் உட்கார்ந்து கழுதை வண்டி ஓட்டும் சிறுவன். வாய்க்கால் கரையில் கொக்கு. "நம் ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்கிறதே" என்று இரண்டு முறை சொன்னாள். மெம்னோன் சிலைகள் என்று மூவாயிரம் வருடங்களைத் தாண்டிய இரண்டு ராட்சதக் கற்சிலைகளைக் காரோட்டி பெருமையோடு காட்டினார். அவற்றையும் பார்த்து வைத்தாள். அதற்குச் சற்றுத் தள்ளி வயல் சட்டென்று நின்றுவிட்டது. மெல்ல மெல்லக் குறைந்து வறண்டதல்ல, வரப்போடு முடிந்துவிட்டது. ஒரு கால் பச்சையிலும் ஒரு கால் பாலையிலுமாக அங்கே ஒருவர் நிற்கலாம். "தண்ணீர் இதுவரைக்கும்தான் ஏறும் போலிருக்கிறது" என்றாள் அம்மா. அந்த நாட்டின் புவியியலை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மன்னர்கள் வீட்டில் மனிதர்கள் இல்லை

மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள். எதில் நுழைவது என்று முதல் நாள் இரவே பட்டியல் போட்டு வைத்திருந்தேன். நான்காம் ராம்சேஸின் கல்லறை வாசலுக்குப் பக்கத்திலேயே, படி இல்லாமல் சரிவாக இறங்குவது. எனவே அம்மாவும் வந்தாள். அகன்ற நடை, உயர்ந்த சுவர்கள், தரையிலிருந்து கூரைவரை சித்திர எழுத்துகள், கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கல் பேழை. அம்மா கோவில் பிரகாரத்தில் நடப்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "எல்லாம் சாமியாகவே இருக்கிறது. ஆள் ஒருத்தரையும் காணோமே."

அப்போது அதை நான் ரசிக்கவில்லை. சிறிது எரிச்சல்கூட வந்தது. நான் எத்தனை படித்துவிட்டு வந்திருந்தேன்! அவளை நிழலில் உட்கார வைத்துவிட்டு, தனி டிக்கெட் வாங்கி ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்குள் போனேன். அடக்க அறையின் வளைந்த கூரையில் வானதேவதை நூத், நீண்ட உடலோடு இரண்டு முறை வரையப்பட்டிருக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள். இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் போகிறது. காலையில் அதைப் பெற்றெடுக்கிறாள். கருநீலமும் பொன்மஞ்சளும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. கைப்பேசியில் நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். சுவர்களில் பழங்காலத்துக் கிரேக்க, ரோமானியப் பயணிகள் கீறி வைத்த பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. என்னைப் போன்றவர்கள்தான். அண்ணாந்து பார்த்தார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை, பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "உள்ளே என்ன இருந்தது?" சூரியன், பாம்பு, படகு, பன்னிரண்டு மணி நேர இரவு, ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாசல் என்று சொல்லிக்கொண்டே போனேன். "சரி, அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. அந்தச் சுவர்களில் இருப்பது கதையே அல்ல, சூரியனோடு சேர்ந்து இருட்டைக் கடப்பதற்கான வழிக்குறிப்பு. மன்னனுக்குத் தேவைப்பட்டது அதுதான். அவன் சாப்பாட்டைப் பற்றியோ துணியைப் பற்றியோ கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. இவ்வளவு அழகைப் பார்த்துவிட்டு வந்து, கேட்கிறவருக்குச் சொல்ல நாலு வாக்கியம் இல்லாமல் நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது.

ஐந்து மீட்டர் வீடு

தெய்ர் எல் மெதினா என் பட்டியலில் கடைசி வரி. நேரமிருந்தால் போகலாம் என்று எழுதி வைத்திருந்தேன். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டியவர்களுக்கென்று அரசே அமைத்துப் பராமரித்த குடியிருப்பு அது. இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதில் ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகளின் அடிச்சுவர்கள். கிணறு இல்லை. வயலிலிருந்து பார்த்தால் அம்மா சொன்ன அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுவர ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வடக்குப் பக்கத்தில் சுமார் 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு பெரும் குழி இருக்கிறது. பிற்காலத்தில் தண்ணீருக்காகத் தோண்டி, கிடைக்காமல் விட்டது என்று கருதுகிறார்கள். பெர்னார் ப்ருயேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதைத் தூர் எடுத்தபோது நீருக்குப் பதிலாக வந்தவை எழுத்துள்ள ஓடுகள், ஆயிரக்கணக்கில்.

இந்த மக்கள் பத்து நாளில் எட்டு நாள் மன்னருக்கு வேலை செய்தார்கள். மீதி நாள்களில் தங்களுக்கான கல்லறைகளைத் தாங்களே குடைந்துகொண்டார்கள். ஒருவர் கல் வெட்டுகிறவர், ஒருவர் கோடு போடுகிறவர், ஒருவர் தச்சர். நீ எனக்குச் செய், நான் உனக்குச் செய்கிறேன் என்று கைம்மாற்று. சென்னெஜெம் அவர்களில் ஒருவர். முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேஸ் காலத்தவர். 1886-இல் அவருடைய அடக்க அறையைக் கண்டுபிடித்தபோது மரக்கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே குடும்பத்தார் 20 பேரின் உடல்கள். பொருள்களெல்லாம் இன்று கெய்ரோவிலும் நியூயார்க்கிலும் இன்னும் பல ஊர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அந்தக் கதவில் அவரும் மனைவி இயினெஃபெர்ட்டியும் உட்கார்ந்து செனெட் என்னும் கட்ட விளையாட்டு ஆடுகிறார்கள்.

செங்குத்தான படிகளில் இறங்கி, இடுப்பு ஒடியக் குனிந்து உள்ளே போக வேண்டும். காவலர் ஒருவர் கையில் அட்டைத் துண்டோடு முன்னால் இறங்கினார். விசிறிக்கொள்ள அதை என்னிடம் நீட்டினார். அறை சுமார் 5 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். வண்டிக் கூண்டுபோல வளைந்த கூரை. நிமிர்ந்தேன். மஞ்சள்! தங்க மஞ்சளல்ல, அரைத்த மண்ணின் மஞ்சள். சுவர், கூரை எல்லாம் அதே நிறம். அதன்மேல் வெள்ளை உடைகள், கறுப்பு முடி, சிவப்பு உடம்பு. எல்லாம் நேற்று காய்ந்ததுபோல இருந்தது. மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர்மீது, துணித்திரி விளக்கு வெளிச்சத்தில், ஓய்வு நாளில் வரைந்தது. தப்பித் தவறித் தோள் உரசிவிடுமோ என்று கைப்பையை முன்னால் அணைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். பின்னால் வேறு கூட்டம் இல்லாததால் காவலரும் அவசரப்படுத்தவில்லை.

கிழக்குச் சுவர் முழுக்க ஒரே படம். மேலே வளைவில் சூரியனின் படகு. இரு பக்கமும் கை தூக்கி வணங்கும் பபூன் குரங்குகள். அதன் கீழே, நான்கு புறமும் நீல வாய்க்கால் சூழ்ந்த நிலம். ஒரு வரிசையில் சென்னெஜெம் அரிவாளால் கதிரறுக்கிறார்; தாளை விட்டுவிட்டுக் கதிரை மட்டும். இயினெஃபெர்ட்டி பின்னாலேயே வந்து கூடையில் பொறுக்குகிறாள். அடுத்த வரிசையில் இருவரும் ஆளிச் செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். பக்கத்திலேயே அவர் இரண்டு மாடுகளைக் கட்டிக் கையில் சாட்டையோடு உழுகிறார். அவள் பின்னால் விதை தூவுகிறாள். கீழே பழம் தொங்கும் பேரீச்சையும் அத்தியும். அதற்கும் கீழே பூச்செடிகள். இருவர் உடம்பிலும் வெள்ளை வெளேரென்ற துணி. அவள் தலையில் விருந்துக்குப் போவதுபோல நீண்ட அலங்கார முடி. சேறு இல்லை, வியர்வை இல்லை.

நான் படமெடுத்தது ஒன்றே ஒன்று. அது தானாக நேர்ந்தது. மற்றபடி கைப்பேசியின் நினைவே வரவில்லை.

குட்டைச்சுவரில்

மேலே வந்தபோது இன்னொரு காவலர் அம்மாவுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்திருந்தார். அவளை "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதே வழக்கமான கேள்வி: "உள்ளே என்ன இருந்தது?"

இந்த முறை சொல்ல முடிந்தது. வாய்க்கால், உழவு, விதைப்பு, அறுப்பு, மரம், பூ என்று ஒன்று விடாமல் சொன்னேன். கைகளால் காட்டக்கூடச் செய்தேன். அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. செத்துப் போன பிறகும் உழ வேண்டுமா? வாழ்நாளெல்லாம் மலையைக் குடைந்தவனுக்குச் செத்தும் ஓய்வு இல்லையா?

நான் படித்த பதிலைச் சொன்னேன். அது, இறந்தவரின் மறுமைப் பயணத்துக்கான மந்திரத் தொகுப்பான இறந்தவர் நூலின் 110-ஆம் அத்தியாயம். இயாரு வயல் என்று பெயர். நல்லவர்கள் போய்ச் சேரும் செழிப்பான நிலம். இவருக்கு மட்டுமல்ல, எத்தனையோ பேர் கல்லறைகளிலும் ஏடுகளிலும் இதே காட்சி வரும். அங்கே பார்லி ஐந்து முழம் வளரும், கோதுமை ஏழு முழம் வளரும் என்றுகூட எழுதியிருக்கிறது.

"ஏழு முழமா? ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடுமே" என்றாள். பிறகு, "வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டா உழுகிறான்?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். அது மறுமை என்பதால் துணி அழுக்காகாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படித்ததை எல்லாம் கொட்டிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு. "உண்மையில் அவர்களே உழ வேண்டியதும் இல்லை. ஷப்தி என்று சின்னப் பொம்மைகளைக் கூடவே வைத்துப் புதைப்பார்கள். மறுமையில் வயல் வேலைக்கு அழைப்பு வந்தால், 'இதோ நான் இருக்கிறேன்' என்று பொம்மை போய்ச் செய்துவிடும். பிற்காலத்தில் நாளுக்கு ஒன்று என்று 365 வைத்தார்கள். அதற்குமேல் 36 கங்காணிப் பொம்மைகள் வேறு. மொத்தம் 401."

அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "வேலைக்கு ஆள் வைத்தாயிற்று என்றால், படத்தில் ஏன் தானே உழுகிறான்?"

பல வருடங்களாக இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்திருக்கிறேன். இயாரு வயல் ஒரு பக்கத்தில் வரும், ஷப்தி இன்னொரு பக்கத்தில் வரும். இரண்டும் ஒரே அறைக்குள் இருந்தவை, ஒன்றை ஒன்று மறுப்பவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கண்ணால் படத்தைப் பார்க்காத ஒருத்தி, நான் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, அதில் விரலை வைத்துவிட்டாள். காவலர் குவளையை வாங்கிக்கொண்டு போனார். கீழே அந்த வீடுகளின் அடிச்சுவர்கள்; அவற்றைத் தாண்டித் தொலைவில் பச்சைக் கோடு. "அதுதான் எனக்கும் தெரியவில்லை" என்றேன்.

கூலி நெல்

ஊருக்கு வந்த பிறகு அந்தக் குடியிருப்பைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மன்னர்களை விட்டுவிட்டேன் என்றே சொல்லலாம். முதலில் பிடிபட்டது கூலி. அவர்களுக்குக் காசு கிடையாது, தானியம்தான். ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதத்துக்கு நான்கு மூட்டைக் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மீனும் காய்கறியும் விறகும் தண்ணீரும் அரசிடமிருந்து வரும். எல்லாம் கீழே பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விளைந்து, யாரோ அளந்து, யாரோ அனுப்பி, மலையேறி வர வேண்டியவை. சென்னெஜெம் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லி, வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி இறங்கி, ஒரு கோவிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் முறையிட்டதை எழுதி வைத்த பாப்பிரஸ் ஏடு இன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. பதிவாகிய வேலைநிறுத்தங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் வியப்படையவில்லை. "அளந்து போடுகிறவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான்" என்றாள். கூலி நெல்லுக்குக் களத்துமேட்டில் காத்து நின்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள், அளக்கிற பக்கத்தில் உட்கார்ந்துதான். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் துண்டு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டில் இதே குடியிருப்பில் எழுதிய வருகைப் பதிவேடு. நாற்பது பெயர்கள்; யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் என்று சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் பீர் காய்ச்சினான். ஒருவன் இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றப் போயிருந்தான். வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு என்றும் சில விடுப்புகள். "அவளுக்கு மாதவிலக்கு என்றால் இவனுக்கு எதற்கு லீவு?" என்றாள் அம்மா. "சமைக்க ஆளில்லை போலிருக்கிறது" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். ஆய்வாளர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

சரி, உழவு. இன்றைக்கு எனக்குத் தோன்றுவது இதுதான், தவறாகவும் இருக்கலாம். அந்தப் படம் எல்லோருக்கும் பொதுவான சடங்குப் படம் என்பது உண்மை. ஆனால் இருப்பதிலேயே நல்ல சுவரை முழுசாக அதற்குக் கொடுக்க வேண்டும் என்று எந்த அத்தியாயமும் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் மன்னர்களின் சுவர்களில் பாம்புகளையும் வாசல்களையும் வரைந்து பழகியவர்கள். தங்கள் அறைக்கு என்று வந்தபோது அதே கைகள் வாய்க்காலை வரைந்தன, அதையும் நான்கு பக்கமும். பக்கத்தில் பஷெடு என்பவரின் கல்லறையில், குலை தள்ளிய பனையடியில் ஓர் ஆள் குப்புறக் கவிழ்ந்து குளத்தில் தண்ணீர் குடிக்கிறான். கழுதை கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டாம். வாயை வைத்துக் குடிக்கலாம். சென்னெஜெமின் சுவரிலும் அதுவே. அளக்கிறவன் அந்தப் படத்தில் இல்லை, கணக்கு எழுதுகிறவன் இல்லை, மூட்டை இல்லை. கதிர் நேராக இயினெஃபெர்ட்டியின் கூடைக்குப் போகிறது. அம்மா கேட்ட வெள்ளை வேட்டிக்கும் பதில் அந்தச் சுவரிலேயே இருக்கிறது, நான்தான் பார்க்கத் தவறியிருக்கிறேன். அவர்கள் பிடுங்குகிற ஆளிச் செடியின் நாரிலிருந்துதான் அந்தத் துணியே வருகிறது. துணி இல்லை என்று யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

போன வாரம் தொலைபேசியில் இதையெல்லாம் மூச்சு விடாமல் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் அவனுக்குச் சரி. அந்தப் பெண்பிள்ளையை ஏன் எல்லா வரிசையிலும் பின்னாலேயே நடக்க விட்டான்?" என்று கேட்டுவிட்டு, குக்கர் சத்தம் போடுகிறது என்று வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் எடுத்த அந்த ஒரே படம் அவள் சமையலறையில் தினசரி நாள்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைவீதி ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறாள். ஏதோ குறைகிறதே என்று உற்றுப் பார்த்தேன். மேல் வளைவு இல்லை. சூரியனும் படகும் பபூன்களும் வெட்டப்பட்டிருந்தன. மாடு, கலப்பை, இரண்டு பேர், வாய்க்கால், மரங்கள்.

"ஸ்டுடியோக்காரர் வெட்டிவிட்டாரா?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள் அம்மா. "மேலே ஒரே குரங்காக இருந்தது."